இரண்டாவது ரத்தம் எடுக்கும் வரை

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை. காலையில் லேசான பனி இருந்தது. வெயில் ஏறியதும் விலகிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் ஓர் எடைமேடையில் எனக்கு வேலை. லாரியும் டிராக்டரும் சரக்கோடு ஏறி நின்று எடை பார்த்துவிட்டுப் போகிற இடம். அன்றும் வழக்கம்போல முதலில் மேடையைப் பெருக்கினேன். முந்தின நாள் வந்த டிராக்டர்களின் டயரிலிருந்து உதிர்ந்த கரிசல் கட்டிகள் இரும்புத் தகட்டில் ஒட்டிக் காய்ந்திருந்தன. அவற்றைச் சுரண்டித் தள்ளினேன். அப்படியே விட்டால் அந்த மண்ணும் எடையில் சேர்ந்துகொள்ளும். மேடை சுத்தமான பிறகு ஜீரோ காட்டுகிறதா என்று பார்த்தேன். காட்டியது. அதன் பிறகுதான் டீ. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. இரவு டைரி எழுதும்போதும் இதே வரிசைதான்.

மக்காச்சோள அறுவடை நேரம். நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகும் லாரி ஒன்று காலியாக வந்து ஏறி நின்றது. காலி எடையை எழுதிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

குரலில் அழுகை இல்லை. "தம்பி, உடனே வா. என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லுதாவ" என்றாள். யார், டாக்டரா என்று கேட்டேன். "இல்ல. பெரியத்தான்" என்றாள்.

இதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். அக்காவை நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அத்தானுக்கு மானாவாரி நிலம். மக்காச்சோளமும் மிளகாயும் போடுவார். சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது. ஜனவரி கடைசியில் காட்டு ஓரத்தில் நடக்கும்போது வேலிக்கருவை முள் உள்ளங்காலில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. முள் ஒடிந்தால் எருக்கம்பாலை விட்டு, துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். முள் தானாக மேலே வந்துவிடும் என்பார்கள். சிலருக்கு வந்தும் இருக்கிறது. அத்தானும் அதையே செய்தார்.

அந்த வாரம்தான் அறுவடை இயந்திரம் அவர்கள் ஊருக்கு வந்திருந்தது. அது முறை வைத்து ஒவ்வொருவர் காடாகப் போகும். நம் முறை வரும்போது நாம் காட்டில் இல்லையென்றால் அடுத்தவர் காட்டுக்குப் போய்விடும். அப்புறம் அடுத்த ஊருக்கே போய்விடும். நிற்கிற கதிரைக் காட்டுப்பன்றி பார்த்துக்கொள்ளும். அதனால் கட்டுப் போட்ட காலோடு அத்தான் காட்டிலேயே கிடந்தார். அக்கா காலைக் காட்டச் சொன்ன போதெல்லாம் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். சர்க்கரைக்காரருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்துபோகும் என்பதால் அவருக்கே அது தெரியவில்லையோ, தெரிந்தும் சொல்லவில்லையோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சோளம் வீடு வந்த அன்று காய்ச்சலில் விழுந்தார். முழங்கால் வரை வீங்கிவிட்டது. பேச்சு குழறியது. பெரியத்தான்தான், அதாவது அத்தானின் கூடப்பிறந்த அண்ணன், தம்பியைத் தோளில் தூக்கிக் காரில் போட்டுச் செவ்வாய்க்கிழமை கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று சொல்லி நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அன்றே மயக்க மருந்து கொடுத்துச் செயற்கை சுவாசக் கருவி வைத்தார்கள். மறுநாள் பாதத்தைக் கீறிச் சீழை எடுத்தபோது ஒடிந்த முள்ளும் கூடவே வந்தது. புதன்கிழமை மாலை நான் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தாக்குப்பிடிக்கிறார் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அக்கா போனை வைத்ததும் முதலாளியிடம் சொல்லி மாற்று ஆளை வரவழைத்து, மேடையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மருத்துவமனையில் படிக்கட்டு வரை எங்கள் ஆட்கள்தான். யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் எங்கள் பக்கத்தில் ஊரோடு வேன் பிடித்து வந்து முகம் பார்த்துவிட்டுப் போவார்கள். வராமல் இருந்துவிட்டால் அது பல வருடத்துக்குப் பேச்சாக நிற்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஒரு நேரத்துக்கு ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதைப் பற்றி வேனில் ஏறும்போது யாரும் யோசிப்பதில்லை. ஊரிலிருந்து வந்த உபதேசியார் ஜெபத்தை முடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தாள். ஒரு கையில் ஜெபமாலை. இன்னொரு கையில் ஒரு தாள். மருத்துவர் சொல்வதை மீறி எங்கள் பொறுப்பில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று எழுதியிருந்தது. கீழே மனைவி கையெழுத்துப் போட வேண்டும். பெரியத்தான் மதுரைக்குப் போக ஆம்புலன்ஸ் பேசியிருந்தார். அது வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்று அக்கா சொன்னாள். விடிகிற நேரத்தில் அத்தானின் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கியிருக்கிறது. நாடி தாறுமாறாக ஓடியிருக்கிறது. டாக்டர் ரத்தம் எடுத்து இதயத்துக்கான பரிசோதனை ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார். அதில் அளவு கூடியிருக்கிறது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பெரியத்தானுக்கு அங்கேதான் கோபம் வந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "மாப்ள, காலுக்குத்தான் கொண்டாந்து சேத்தோம். இப்ப நெஞ்சுங்காவ. நாளைக்குத் தலைன்னுவாவ. கேட்டா திரும்ப ரத்தம் எடுக்கணுமாம். இங்கன வச்சுக்கிட்டு இருந்தா தம்பிய முழுசா வீட்டுக்குக் கொண்டு போக மாட்டோம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டு நாளாக அந்தப் படிக்கட்டிலேயே கிடந்தவர். ஊர்ச் சோளத்தை எல்லாம் மொத்தமாகச் சேர்த்து லாரி ஏற்றி அனுப்புகிற ஆள். எதையும் உடனே முடிவெடுத்துப் பழகியவர். நானோ பெண் கொடுத்த வீட்டுக்காரன். இந்த மாதிரி நேரத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் பேசுவார், பெண்ணின் தம்பி கேட்டுக்கொள்வான். அதுதான் வழக்கம். ஆனால் கையெழுத்து அக்காவுடையது. அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். டாக்டரைப் பார்க்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

டாக்டர் ஒரு பெண்; முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். நின்றுகொண்டேதான் பேசினார். நான் கேட்டது மூன்று கேள்விகள். காலில் வந்த நோய்க்கு ஏன் நெஞ்சைப் பார்க்க வேண்டும்? ஒரு தடவை பார்த்தாயிற்று, ஏன் மறுபடியும்? சந்தேகம் இருந்தால் இதயத்துக்கு உண்டான மருந்தை இப்போதே கொடுத்துவிடக் கூடாதா?

முதல் கேள்விக்கு அவர் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "இவர் முழிச்சிருந்தா நெஞ்சு வலிக்குதான்னு இவர்கிட்டயே கேட்டிருப்பேன். மயக்கத்துல இருக்கிறவர்கிட்ட ரத்தத்தைத்தான் கேக்க முடியும்." இதயத்தின் தசையில் அடிபட்டால் ட்ரோபோனின் என்கிற ஒரு பொருள் அதிலிருந்து ரத்தத்தில் கசியுமாம். அதைத்தான் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார். இவ்வளவு மோசமான நிலையில் இருக்கிற நோயாளிக்கு அந்த அளவு கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. கிருமியின் தாக்குதலிலேயே இதயம் சோர்ந்து கொஞ்சம் கசியலாம். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் கூடுதலாகக் காட்டும். அத்தானுக்கு அதுவும் மந்தமாகத்தான் இருந்தது. ஈ.சி.ஜி.யும் தெளிவாக எதையும் சொல்லவில்லை. மறுபடி பார்க்கும்போது அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தால் அந்த மாதிரிக் காரணம்தான். மளமளவென்று ஏறினால் அது வேறு. ஏறினால், மாரடைப்பாக இருக்கலாம்.

மூன்றாவது கேள்விக்குப் பாதத்தைக் காட்டினார். நேற்றுத்தான் கீறிய புண். மாரடைப்புக்குக் கொடுக்கிற மருந்து ரத்தத்தை உறையவிடாது. தேவையில்லாமல் கொடுத்தால் அந்தப் புண் வழியாகவே ரத்தம் போய் ஆள் போய்விடலாம். தேவைப்படும்போது கொடுக்காமல் விட்டால் இதயம் நின்றுவிடலாம். ஆம்புலன்சில் ஏற்றலாமா என்று நானாகவே கேட்டேன். அழுத்தம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அசைப்பதே ஆபத்து, இதயமும் அடிபட்டிருந்தால் மதுரை வரை போய்ச் சேர்வார் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். முடிவு உங்களுடையது என்றும் சொன்னார்.

வெளியே வந்து நான் கேட்டதை எல்லாம் பெரியத்தானிடம் ஒழுங்காகச் சொன்னேன். ட்ரோபோனின், சிறுநீரகம் என்று டாக்டர் சொன்ன சொற்களையே சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"நீ எப்ப மாப்ள டாக்டருக்குப் படிச்ச? எங்களுக்குச் சொல்லவே இல்லயே" என்றார். படிக்கட்டில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஒரு பெரியம்மா, ஏற்கெனவே காய்ச்சலில் வற்றிப்போன உடம்பு, இருக்கிற ரத்தத்தையும் குழாய் குழாயாக உறிஞ்சினால் எங்கே போய் ஊறும் என்று கேட்டார். எடுப்பது ஒரு கரண்டி அளவுகூட இல்லை என்றேன். எத்தனை கரண்டி என்று திருப்பிக் கேட்டார். மறுபடியும் சிரிப்பு. ஆம்புலன்ஸ் டிரைவர் மேலே வந்து, கிளம்பலாமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்போது அக்கா பேசினாள். பெரியத்தானைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேச முடியுறப்பவே வலிக்குதுன்னு சொல்லாத மனுசன் அவிய. கால்ல முள்ள வச்சுக்கிட்டு அஞ்சாறு நாள் காட்ல நின்னாவ. நான் கேக்கும்போதெல்லாம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னாவ. நானும் சரின்னு விட்டேன். இப்ப வாயில குழாய் இருக்கு. இப்பவும் கேக்காம கூட்டிட்டுப் போகச் சொல்லுதியளா?"

படிக்கட்டில் பேச்சு நின்றுவிட்டது. பெரியத்தான் குரலைத் தணித்துக்கொண்டார். ஆனால் பிடியை விடவில்லை. அதுக்குத்தானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொல்லுதேன், அங்கே போய் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாமே என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அவரைச் சத்தம் போட்டு மடக்க முடியாது, மடக்கவும் கூடாது என்று தோன்றியது. அவருக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால்தான் ஏறும்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பெரியத்தான், லோடு வண்டி ஒண்ணு மேடையில ஏறுது. எடை காட்டுது. அதுல சோளம் எவ்வளவுன்னு சொல்லுங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "காலி எடை தெரியாம எப்படிய்யா சொல்ல?"

"அதான் டாக்டரம்மாவும் சொல்லுதாவ. விடியக்காலம் எடுத்தது ஒரு எடை. அதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு எடை போட்டு ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தாத்தான் தெரியும்." மேடையில் ஒட்டின கரிசல் மண்ணும் எடையில் சேருமல்லவா, அந்த மாதிரி கிருமியும் சிறுநீரகமும் இதில் சேர்ந்திருக்கலாம், அது மண்ணா, சரக்கா என்று பார்க்கிறார்கள் என்றேன்.

நான் விடவில்லை. "ஒத்த எடைய வச்சு நீங்க எடைச் சீட்டுல கையெழுத்துப் போடுவியளா?"

"போட மாட்டேன்."

"அக்காவ மட்டும் போடச் சொல்லுதியளே."

பின்னால் யாரோ செருமினார்கள். பெரியத்தான் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான்கு வருடத்துக்கு முன்னால், காலி எடை போடாமல் லோடு ஏற்றி வந்த ஒரு லாரியை எங்கள் மேடையை விட்டு இறங்கவிடாமல் குறுக்கே உட்கார்ந்துகொண்டவர் அவர். பின்னால் வண்டிகள் எட்டயபுரம் விலக்கு வரைக்கும் நின்றன. அன்று என்னையும் விட்டுவைக்கவில்லை. மச்சினன் என்றுகூடப் பார்க்காமல் வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"நான் அன்னைக்குச் சண்ட போட்டத நீ இன்னும் மறக்கல, என்ன?" என்றார்.

மறக்கவில்லை, நீங்கள் செய்தது சரிதான் என்றேன்.

"சரி. ரெண்டாவது எடையப் போடட்டும்" என்றார். ஆனால் ஒரு நிபந்தனையும் சொன்னார். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கும். இரண்டாவது பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லையென்றால் அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் குறுக்கே வரக் கூடாது. அக்காவைப் பார்த்தேன். தலையை அசைத்தாள். நானும் ஒப்புக்கொண்டேன். அக்கா அந்தத் தாளை மடித்துத் தனக்குப் பக்கத்தில் வைத்து, பறக்காமல் இருக்கத் தண்ணீர்ப் பாட்டிலை அதன் மேல் வைத்தாள்.

அதன் பிறகு காத்திருந்த நேரம்தான் கடினமானது. ஒப்புக்கொண்டுவிட்டேனே தவிர, உள்ளூர எனக்குப் பயம்தான். காத்திருக்கச் சொன்னது நான். அந்த நேரத்துக்குள் அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அக்காவின் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் என் பேச்சுத்தான் ஓடும். இடையில் ஒரு தடவை நர்ஸ் ஒருவர் வேகமாக ஓடினார்; கதவுக்குள் இரண்டு மூன்று பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரியத்தான் எழுந்து கதவருகே போனார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. அழுத்தத்துக்கான மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை என்று வந்து சொன்னார்கள். அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். டிரைவர் இரண்டாம் முறை வந்து கேட்டபோது, நில்லுப்பா என்று அவரே சொல்லி அனுப்பினார்.

அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "நான் எது வரணும்னு ஜெபிக்கட்டும் தம்பி? கூடியிருந்தா நெஞ்சுல கோளாறு. கூடலன்னா பெரியத்தான் வண்டியில ஏத்திருவாவ."

அடுத்த மணியை உருட்டிவிட்டு அவளே சொன்னாள்: "என்னன்னு தெரிஞ்சா போதும்."

மதியத்துக்கு முன்னால் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். முதலில் எடுத்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. முடிவு வந்ததுமே மறுபடி ஈ.சி.ஜி. எடுத்திருக்கிறார்கள், காலையில் இல்லாத மாற்றம் இப்போது அதில் இருந்தது. நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்ததில் இதயத்தின் ஒரு பக்கச் சுவர் சரியாக அசையவில்லை. "மாரடைப்புதான். சத்தமில்லாம நடந்துக்கிட்டு இருக்கு" என்றார்.

அக்கா சுவரில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் அவசரப்படாமல் அடுத்ததைச் சொன்னார். இன்றைக்கே மருந்து தொடங்க வேண்டும். நினைத்த உடனே நிறுத்தக்கூடிய வகையில், குறைந்த அளவில் ஊசிக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். அறுவை செய்த டாக்டர் வந்து பாதத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, ரத்தம் கசிகிறதா என்று பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பார். பயணம் தாங்குகிற நிலை வந்த பிறகு ஆஞ்சியோவுக்குப் பெரிய ஊருக்கு அனுப்புவார்கள். ரத்தம் கசியலாம், அந்த ஆபத்து இருக்கிறது, தெரிந்து சம்மதம் கொடுங்கள் என்றார். அக்கா கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வரும்போது பெரியத்தான் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வண்டியில ஏத்தியிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

டாக்டர் அவரைப் பார்த்தார். "ஏத்தலையே அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் போய்விட்டார்.

பெரியத்தான் படியிறங்கிப் போய் ஆம்புலன்சை அனுப்பிவிட்டு வந்தார். வந்தவர் ஊர் ஆட்களைப் பார்த்து, ஏலே, முகம் பாத்தாச்சுல்லா, எல்லாரும் வேனில் ஏறுங்க, காட்டுல மிளகாய் கிடக்கு என்று விரட்டினார். பெரியம்மா மட்டும் அக்காவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்று பிற்பகல் பாதத்தில் ரத்தம் கசியத்தான் செய்தது. மருந்தை நிறுத்தினார்கள், கட்டை மாற்றினார்கள், மறுபடி தொடங்கினார்கள். யாரும் எங்களுக்கு உறுதி எதுவும் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டோம், அதைச் செய்தோம். பொழுது சாயும்போது அழுத்தம் கொஞ்சம் நிலைக்கு வந்தது.

பிறகு நடந்தது நீளமான கதை, சுருக்கமாகவே சொல்கிறேன். சுவாசக் கருவியை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்கினார்கள். பாதத்தில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. அத்தான் இப்போது செருப்பில்லாமல் காட்டில் இறங்குவதில்லை. அன்றைக்கு நெஞ்சு வலித்ததா என்று நினைவு தெளிந்த பிறகு கேட்டோம். எதுவும் நினைவில்லை என்றார். அவர் இனிமேலும் எதையும் தானாகச் சொல்லப் போவதில்லை என்று அக்காவுக்குத் தெரியும். ராத்திரி படுப்பதற்கு முன்னால் அவர் இரண்டு பாதத்தையும் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லி அவளே பார்க்கிறாள். அவர் முனகுவார். அவள் பார்த்து முடிக்கிற வரை விளக்கை அணைப்பதில்லை.

ஆனால் இந்த அனுபவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது அடுத்த நாள், வெள்ளிக்கிழமை காலைதான்.

விடிந்ததும் நான் மேடைக்குப் போகவில்லை. நேரே மருத்துவமனைக்குப் போனேன். காலையில் ஒருவரை மட்டும் உள்ளே விடுகிற நேரம். அக்காவின் முறை. அவள் போகவில்லை, "நீங்க போங்க" என்று பெரியத்தானை அனுப்பினாள். நான் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் சின்னக் குழாய்களை எடுத்துக்கொண்டு அத்தானின் கட்டிலுக்கு வந்தார். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும். ஏறியது இறங்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வீங்கிய கையில் நரம்பு அகப்படாமல் தேடிக்கொண்டிருந்தார். பெரியத்தான் குனிந்தார். தம்பியின் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, கை மடங்காமல் நீட்டிப் பிடித்துக்கொண்டார். கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"நல்லாப் பாத்து எடும்மா. பத்தலன்னா இன்னும் எடுத்துக்கோ."

அன்றிலிருந்து இன்றுவரை, ஒன்றுமில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் சரியென்று நகர்ந்துவிடுவதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவரிடமே இன்னொரு தடவை கேட்கிறேன்.